நாலாம் கேபின், ஐந்தாம் கேபின்

உட்காருங்கள், உட்காருங்கள். ஜன்னல் பக்கம் வேண்டுமா? எனக்கு இந்த ரோடு மனப்பாடம், நீங்களே காற்று வாங்கிக்கொண்டு வாருங்கள். சிதம்பரத்திலிருந்து என் பக்கத்தில் ஒருவர் இருந்தார். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியவர், சீர்காழி வந்த பிறகுதான் திறந்தார். அவர் இறங்கினார், நீங்கள் ஏறினீர்கள். என் நல்ல நேரம்.

ஒன்று கவனித்தீர்களா? உங்கள் பேரை நான் கேட்கவில்லை. எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. மடியில் வைத்திருக்கிறீர்களே பை, அதில் என்ன என்றும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். போன வருஷம் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இதற்குள் உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, பேர், ஊர், தொழில், எத்தனை பிள்ளை எல்லாவற்றையும் வாங்கியிருப்பேன். இப்போது திருந்திவிட்டேன். தொழில் திருத்திவிட்டது.

என்ன தொழிலா? பார் நடத்துகிறேன். நண்டலாற்றுப் பாலம் தாண்டியதும், காரைக்கால் எல்லை தொடங்குகிற இடத்தில், இடது கைப் பக்கம். நகர்ந்து உட்கார வேண்டாம், எனக்கு வயிற்றுப் புண், நான் குடிப்பதில்லை. ஊற்றிக் கொடுப்பதோடு சரி.

என் பேர் அந்துவான். பிறந்தது காரைக்காலில். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அதனால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் காலையில் பிரெஞ்சு, மத்தியானம் தமிழ். இரண்டிலும் சுமார். இருபத்துமூன்று வயதில் பிரான்சுக்குப் போனேன். போகும்போது ஊரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது, நான் என்னவோ அந்த நாட்டுக்கு மந்திரியாகப் போவது மாதிரி. போய், ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் கிளாஸ் கழுவினேன். காலையில் காப்பி, சாயங்காலம் பீர், ஒயின். கழுவிக் கழுவி ஒருநாள் கவுண்டரில் நிற்க வைத்தார்கள். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் அங்கேதான் நின்றேன்.

கடைக்காரம்மா பேர் ஜிலேத். மதாம் ஜிலேத் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். கதவைத் திறந்து வருகிறவன் பேரைச் சொல்லிக் கூப்பிடு, கையைக் கொடு, அவன் வழக்கமாகக் குடிப்பது அவன் கேட்பதற்கு முன்னால் மேஜையில் இருக்கட்டும். அங்கே அது ஒரு முறை. உள்ளே வருகிறவன் கவுண்டரில் நிற்கிற எல்லோருக்கும் வரிசையாகக் கை கொடுப்பான். முன்பின் தெரியாதவனுக்கும் கொடுப்பான். வெளியே பனி கொட்டும், உள்ளே கை மாற்றிக் கை. வீட்டில் பேச ஆள் இல்லாத கிழவர்கள் அந்தக் கைகுலுக்கலுக்காகவே வருவார்கள்.

மதாம் கடையை விற்றார், வாங்கியவன் பீட்சா போட்டான். எனக்கு நாற்பத்தேழு வயது, கிளாஸ் துடைப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது. நானும் என் மனைவி பிலோமினும் ஊருக்கே வந்துவிட்டோம்.

காரைக்காலில் இறங்கி ஆட்டோவில் ஏறுகிறேன். ஆட்டோக்காரர் கேட்கிறார், "சாருக்கு எந்த ஊரு?"

"இந்த ஊர்தான்யா!"

"அது சரி சார். பூர்வீகம்?"

"பூர்வீகமும் இதுதான்!"

"சரி சார், சரி சார். திருநள்ளாறுல இறக்கி விட்டுடவா? சனிப்பெயர்ச்சிக்குத்தானே வந்திருக்கீங்க?"

அந்துவான் என்ற பேரை வைத்துக்கொண்டு நான் சனீஸ்வரனைப் பார்க்க வந்தவன் ஆகிவிட்டேன். அவர் மட்டும் இல்லை. பெட்டிக்கடைக்காரர், பால்காரர், நான் ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் மெழுகுவர்த்தி விற்கிற அம்மா, எல்லோரும் அதே கேள்விதான். சாருக்கு எந்த ஊரு. நான் ஒவ்வொருவரிடமும் சண்டை போட்டேன். பிலோமின் சொன்னாள், "நெத்தியில ஒரு போர்டு எழுதி ஒட்டிக்குங்க."

இருதயராஜ் என்று என் மச்சான். பிலோமினின் அண்ணன். அவரிடம்தான் இந்தப் பாரின் லைசென்ஸ் இருந்தது. நடத்திக்கொண்டிருந்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். மச்சான் சொன்னார், "மச்சான், நீங்க அங்க வெள்ளைக்காரனுக்கே ஊத்திக் குடுத்தவரு. நம்ம ஆளுங்களுக்கு ஊத்த மாட்டீங்களா? ஒரு சீசன் பாருங்க. ஓடலைன்னா லைசென்ஸ வேற ஆளுக்கு மாத்திட்டு, நீங்க திரும்பி பிரான்சுக்குப் போயி தட்டு கழுவலாம்." எங்கள் வீட்டு ஆட்கள் தைரியம் சொல்கிற அழகு இது.

நான் போய்ப் பார்த்தேன். அது பாரா? சாமியார் மடம் மாதிரி இருந்தது. ரோட்டுப் பக்கம் ஒரு கதவு, சந்துப் பக்கம் ஒரு கதவு. நடுவில் வரிசையாகக் கேபின். பிளைவுட் பலகை அடித்துப் பிரித்து, முன்னால் அழுக்குத் திரை. ஒவ்வொன்றிலும் ஒரு ஜீரோ வாட் பல்பு, அதிலும் பாதி எரியவில்லை. எங்கள் கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்ல ஒரு பாவசங்கீர்த்தனக் கூண்டு இருக்கும், கிட்டத்தட்ட அதுவேதான். ஆள் வருகிறார், திரைக்குள் போகிறார், குவார்ட்டரும் அவித்த முட்டையும் உள்ளே போகிறது, சற்று நேரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு மறு கதவு வழியாக ஆள் மறைகிறார். ஒரு பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. பக்கத்துக் கேபினில் யார் என்று ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை.

எனக்கு மனசு உருகிவிட்டது. எத்தனை தனிமை! மதாம் ஜிலேத் இதைப் பார்த்தால் அழுதிருப்பார் என்று நினைத்தேன். கடவுள் என்னை இத்தனை வருஷம் அங்கே நிறுத்தியது இந்த மக்களுக்காகத்தான் என்றும் நினைத்தேன். சிரியுங்கள், பரவாயில்லை. நானே இப்போது சிரிக்கிறேன்.

முதலில் லைட்டை மாற்றினேன். நல்ல டியூப் லைட், வரிசையாக. அடுத்து கவுண்டருக்குப் பின்னால் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, பிரான்சில் இருக்கிற மாதிரி. முதல் நாள் ஒருவர் டம்ளரை வாயில் கவிழ்த்துக்கொண்டே நிமிர்ந்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். யாரோ சொந்தக்காரன் என்று நினைத்தாரோ என்னவோ, டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சும்மா... தண்ணி குடிக்க வந்தேன்" என்றார் கண்ணாடியிடம்.

பிறகு கை. உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தேன். "நான் அந்துவான். சார் பேரு?" பேர் கேட்டால் எல்லோருமே ஒரு விநாடி யோசித்துத்தான் சொன்னார்கள். தன் பேரைச் சொல்ல ஒருவனுக்கு யோசனை எதற்கு? எனக்கு உறைக்கவில்லை. ஒரே வாரத்தில் அரை டஜன் குமார், அதே அளவு ராஜா, முருகன் இரண்டு கை நிறைய. "இந்தப் பக்கத்துக்காரங்களுக்குப் பேர் வைக்கிறதுல கற்பனையே இல்ல" என்று பிலோமினிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் குக்கர் விசில் காதில் விழவில்லை. பருப்பு தீய்ந்தது.

"வாங்க குமார்!" என்று நான் கூப்பிடுவேன். குமார் திரும்ப மாட்டார். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று ஒதுங்கி வழி விடுவார்.

பன்னீர் என்று ஒரு சப்ளையர், என் வயதுதான். அவராவது தடுத்திருக்கலாம். அவர் எதற்கும் "சூப்பர்ண்ணே" என்பார். லைட்? சூப்பர்ண்ணே. கண்ணாடி? சூப்பர்ண்ணே. பழைய முதலாளி அந்த அழுக்குத் திரையை மாட்டியபோதும் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்தது.

பிலோமின் ஒருநாள் கேட்டாள், "உங்க பாருக்கு வர்றவங்க எல்லாரும் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கதானே? ஏன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வர்றாங்க?"

"இங்க விலை கம்மி."

"போக வர பஸ்ஸுக்குக் குடுத்தா என்ன மிச்சம்? யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தேன். நாலாம் கேபினையும் ஐந்தாம் கேபினையும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பேர் சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம். அவர்கள் என்னிடம் சொன்ன பேரையே சொல்கிறேன், அது எப்படியும் அவர்கள் பேர் இல்லை. நாலாம் கேபினில் சிவா சார். அறுபது தாண்டியவர். வெள்ளை வேட்டி, மடக்குக் குடை, சர்வே ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலம் நாலு மணிக்கு ரோட்டுக் கதவு வழியாக வருவார், சுவரைப் பார்த்து உட்காருவார். சற்றுப் பொறுத்து சந்துக் கதவு வழியாக ராஜா சார். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர், எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். நேராக ஐந்தாம் கேபின். நடுவில் ஒரு பிளைவுட்.

சிவா சார் குடித்து முடித்ததும் இரண்டு தரம் கனைப்பார். கனைத்துவிட்டு எழுந்து போவார். அந்தக் கனைப்பு வரும்வரை ராஜா சார் அசைய மாட்டார், டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைப்பார். அவர் பஸ் போன பிறகு இவர் எழுந்து அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். இரண்டு பேரும் பிடிப்பது ஒரே ஊர்ப் பஸ். தினமும் இதுதான். ஒரு நாள் தப்பவில்லை.

நீங்களாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? அப்படியா? பார்த்தீர்களா, நீங்கள் உடனே பிடித்துவிட்டீர்கள். நான் நினைத்தது என்ன தெரியுமா? பாவம், ஒரே ஊர்க்காரர்கள், ஒரே நேரத்தில் குடிக்கிறார்கள், ஒருவருக்கொருவர் அறிமுகம் இல்லை. அரை அங்குலப் பலகை இரண்டு மனிதர்களை எப்படிப் பிரித்து வைத்திருக்கிறது! ராத்திரி படுத்தபடி இதைப் பிரெஞ்சிலும் தமிழிலும் மாற்றி மாற்றி நினைத்து உருகினேன்.

ஒரு காரியம் செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆசாரியை வைத்து அந்த நடுப்பலகையின் ஆணிகளை எல்லாம் கழற்றிவிட்டேன். பலகை சும்மா நின்றது. சாயங்காலம் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். டம்ளர் நிறைந்தது. நான் பன்னீருக்குக் கண் காட்டினேன். "சூப்பர்ண்ணே" என்று அவர் ஒரு முனையைப் பிடிக்க, நான் மறு முனையைப் பிடிக்க, நாடகத்தில் திரை விலகுகிற மாதிரி பலகையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

டியூப் லைட் வெளிச்சம். ஒரு முழ தூரத்தில் இரண்டு பேர்.

"சிவா சார்! இவரு ராஜா சார், உங்க பொறையாறுதான்! ராஜா சார், இவரு சிவா சார். தினம் பக்கத்து பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. கை குடுத்துக்கங்க!"

அட, ஊர்ப் பேரைச் சொல்லிவிட்டேனா? விடுங்கள். பெரிய ஊர்தானே. யாரென்று யாருக்குத் தெரியப் போகிறது.

அவர்கள் அசையவில்லை. கூச்சம் என்று நினைத்தேன். நானே அவர் வலது கையைப் பிடித்து இவர் வலது கையில் வைத்து, இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். அதே இரண்டு கைகளை எனக்கு முன்னால் ஒரே ஒருவர்தான் அப்படிச் சேர்த்து வைத்திருக்கிறார். கல்யாணப் பந்தலில் ஐயர், நடுவில் தாரைச் செம்பு.

ஆமாம். மாமனாரும் மாப்பிள்ளையும்.

சிவா சார் "வணக்கம்" என்றார். ராஜா சார் எழுந்து நின்றுவிட்டார். உதடு 'மா' என்று ஒரு தரம் குவிந்தது. பிறகு, "வணக்கம்... சார்" என்றார். சொந்த மாமனாரை! அவர் ரோட்டுக் கதவு வழியாகவும் இவர் சந்துக் கதவு வழியாகவும் போனார்கள். இரண்டு டம்ளரும் தளும்பத் தளும்ப மேஜையில் நின்றன. இத்தனை வருஷம் கவுண்டரில் நின்றிருக்கிறேன், நிறைந்த டம்ளரை விட்டுவிட்டுப் போன ஆளை நான் பார்த்ததில்லை. ரொம்ப நெகிழ்ந்துவிட்டார்கள் என்று பன்னீரிடம் சொன்னேன்.

"சூப்பர்ண்ணே" என்றார்.

மறுநாள் அவர்கள் வரவில்லை. அதற்கு மறுநாள் குமார்கள் வரவில்லை. அதற்கடுத்து முருகன்கள் நின்றுவிட்டார்கள். ஒரு வாரத்தில் என் பாரில் நானும் பன்னீரும் கண்ணாடியும்தான். கண்ணாடியால் கூட்டம் இரண்டு மடங்காகத் தெரிந்தது, அதாவது நாலு பேர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேச்சு பரவியிருக்கிறது: பாலத்தடிப் பாரில் ஒரு பிரான்சுக்காரன் ஆளை ஆளோடு சேர்த்து வைக்கிறானாம். மச்சான் போன் பண்ணினார். "என்ன மச்சான், பாரை மூடிட்டு கல்யாணத் தகவல் நிலையம் ஆரம்பிச்சிட்டீங்களா? இந்த மாசம் பாப்பேன். அப்புறம் வேற ஆளுக்குத்தான்."

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள்.

பகல் பதினோரு மணி. பாருக்குள் பெண்கள் வந்து நான் இங்கே பார்த்ததில்லை. கத்தரிப்பூப் புடவை, கையில் காய்கறிப் பை. ரோட்டுக் கதவு வழியாக நேராக வந்து கவுண்டர் முன்னால் நின்றாள். பழக்கதோஷம், என் கை தானாக நீண்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நான் மடக்கிக்கொண்டேன்.

"நீங்கதான் அந்த பிரான்சுக்காரரா?"

"நான் காரைக்கால்தாம்மா."

"நாலாம் நம்பர்ல உக்கார்றவரு எங்கப்பா. அஞ்சாம் நம்பரு எங்க வீட்டுக்காரரு."

பன்னீர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு எங்கப்பா வீட்டோட இருக்காரு. அம்மா போனதுலேருந்து அப்பாவத் தனியா விட முடியாதுன்னு நான்தான் கூட்டிட்டு வந்தேன். வீட்டோட மாப்பிள்ளைன்னா ஒரு மரியாதை வேணும்ல? அப்பா முன்னால அவரு கால் மேல கால் போட மாட்டாரு. அவரு இருக்கிற பக்கம் அப்பா சட்டை இல்லாம வர மாட்டாரு. ரெண்டு பேரும் குடிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் வாயில கிராம்பு, ஒருத்தர் வாயில பாக்கு. ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியும்னும் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஆனா யாரும் பாக்கல. நீங்க பாக்க வச்சிட்டீங்க."

இப்போது அப்பா கோயில் அன்னதானத்தில் சாப்பிடுகிறாராம். புருஷன் கடையிலேயே படுத்துக்கொள்கிறாராம். "மாமா மூஞ்சில முழிக்க முடியாது, எங்கம்மா வீட்டுக்கே போயிடறேன், நீயும் புள்ளைய தூக்கிட்டு சீர்காழிக்கு வந்துடு" என்கிறாராம். அவள் போனால் அப்பாவுக்கு யார்? போகாவிட்டால் பிள்ளைக்கு யார்? புதன்கிழமை பிள்ளைக்குக் காது குத்து. இவள் ஒரே பெண், பிள்ளைக்குத் தாய்மாமன் கிடையாது, தாத்தா மடியில்தான் உட்கார வைக்க வேண்டும். தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் இல்லாவிட்டாலும் ஊர் கேட்கும்.

எனக்கு உடனே யோசனை வந்தது. எனக்கு எப்போதும் உடனே வந்துவிடும். "ரெண்டு பேரையும் இங்க கூட்டிட்டு வாம்மா. எதிர் எதிரா உக்கார வச்சு, மனசு விட்டுப் பேசச் சொல்வோம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. எரிகிற வீட்டுக்கு ஒருவன் நெருப்புப்பெட்டி கொண்டுவந்தால் பார்க்கிற மாதிரி.

"அண்ணே. இது பேசித் தீக்கிற விஷயம் இல்ல. நீங்க பாத்தத பாக்கலன்னு ஆக்கணும்."

"அது எப்படிம்மா முடியும்?"

"அதுதானே உங்க வேலை? பாரு நடத்துறீங்கல்ல?"

புதன்கிழமை வரச் சொன்னாள். அவர்கள் வீட்டுக்கு எதிர் வீடு காலியாக இருக்கிறது, அதற்குக் குடி வரலாமா என்று பார்க்க வந்த ஆளாக. மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

பஸ்ஸில் போகும்போதே பிலோமின் எனக்குப் பாடம் நடத்தினாள். "கை குடுக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சிரிக்கவும் வேண்டாம், உங்க சிரிப்பே ஆளைத் தெரிஞ்ச சிரிப்பு."

இது திருக்கடையூர். பாருங்கள், அறுபதாம் கல்யாணக் கூட்டம் ஏறுகிறது. அந்தச் சுண்டல்காரரை விட்டுவிடாதீர்கள். ஐயோ, எனக்கும் வாங்கினீர்களா? நல்ல மனசு.

எங்கே விட்டேன்? காது குத்து. வாசலில் சாமியானா. உள்ளே நுழைகிறேன், பன்னீர்ச் செம்போடு நிற்கிறார் குமார். சந்தனக் கிண்ணத்தோடு இன்னொரு குமார். பந்தி விசாரித்துக்கொண்டு ஒரு முருகன். நாற்காலி போட்டுக்கொண்டு இரண்டு ராஜாக்கள். என் பாரே அங்கேதான் இருந்தது! வேட்டி கட்டி, விபூதி பூசி, பெண்டாட்டி பிள்ளைகளோடு. ஒவ்வொருவரும் என்னைப் பார்த்தார்கள், விளக்குக் கம்பத்தைப் பார்க்கிற மாதிரி. ஒரு கண் இமைக்க வேண்டுமே! குமார் என் மேல் பன்னீர் தெளித்தார், "வாங்க, வாங்க, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டார். தினம் என் கையால் முட்டை வாங்கித் தின்ற மனுஷர்.

மாமனார் மனையில் உட்கார்ந்திருந்தார், மடியில் பிள்ளை. மாப்பிள்ளை பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஓட வழி பார்க்கிறவர் மாதிரி. இரண்டு பேரும் எதிர் எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அப்பா, இவங்க வெளிநாட்டுலேருந்து வந்திருக்காங்க. எதிர்த்த வீட்டப் பாக்க வந்தாங்க. நான்தான் சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொன்னேன்."

 குமார்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தபடி காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள். சிவா சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் வலது கை தன்னால் எழும்பியது. பிலோமின் அதை முந்தானைக்கு அடியில் பிடித்து முறுக்கினாள். இன்னும் வலிக்கிறது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

இந்தக் கேள்விக்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன், சொன்னேன் இல்லையா? அன்றைக்கு அது என் காதில் விழுந்த விதம் வேறு. அந்த மனுஷர் கையை நீட்டி எனக்கு ஒன்றைக் கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்ள வேண்டும். 

"வெளிநாடுங்க" என்றேன். "நேத்துதான் வந்தேன். இந்தப் பக்கத்துல யாரையும் தெரியாது."

அவர் தலையாட்டினார். பிள்ளையின் தலையைத் தடவினார். பிறகு முகத்தைத் திருப்பி, அத்தனை நாளுக்கு அப்புறம், பந்தல் காலைப் பார்த்துச் சொன்னார்.

"மாப்பிள்ளை. சார் ஊருக்குப் புதுசாம், யாரையும் தெரியாதாம். நீங்கதான் கூட இருந்து கவனிக்கணும். சாப்பிட அழைச்சிட்டுப் போங்க."

"சரிங்க மாமா."

அவ்வளவுதான். நகை ஆசாரி அந்த நேரம் பார்த்துக் காதைக் குத்தினார், பிள்ளை வீறிட்டது, பந்தல் முழுக்கப் பேச்சு கிளம்பியது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிள்ளை அழுகிறதே என்று. ராஜா சார் எனக்கு இலை போட்டு, பக்கத்தில் நின்று, "கூச்சப்படாம சாப்பிடுங்க சார்" என்று அப்பளமாக வைத்துக்கொண்டே இருந்தார். நான் எல்லாவற்றையும் தின்றேன்.

மறுநாளே கண்ணாடியை இறக்கினேன். டியூப் லைட்டைப் பிடுங்கி ஜீரோ வாட் போட்டேன். நடுப்பலகையை ஆசாரி திரும்ப அடித்தார், அவசரத்தில் அடியில் நாலு விரல் இடைவெளி விட்டுவிட்டார். நான் விட்டுவிடு என்றேன். திங்கட்கிழமை நாலு மணிக்கு ரோட்டுக் கதவு திறந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை உற்றுப் படித்தேன். சந்துக் கதவு திறந்தது. அமாவாசை என்றைக்கு என்று தேடினேன். இப்போது எல்லோரும் வருகிறார்கள். மச்சான் லைசென்ஸைப் பற்றிப் பேசுவதில்லை. என் பாரில் யாருக்கும் பேர் இல்லை, எனக்கும்தான். போன வாரம் குனிந்து டம்ளர் எடுக்கும்போது, அந்த நாலு விரல் சந்தில் ஒரு மாங்காய்த் துண்டுத் தட்டு நாலிலிருந்து ஐந்துக்கு மெல்ல நகர்ந்து போனது மாதிரி இருந்தது. நான் பார்க்கவில்லை.

இதுதான் நான் கற்ற தொழில். ஒரு உயிருக்குத் தெரியாது இந்த விஷயம். யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

என்ன எழுந்துவிட்டீர்கள்? காரைக்காலுக்கு இன்னும் இருக்கிறதே. ஓ, பொறையாறா? பொறையாறில் யார்? அண்ணன் வீடா. அண்ணன் அங்கே என்ன... வேண்டாம், சொல்ல வேண்டாம். பையில் எட்டிப் பார்க்கிறதே, அது கிலுகிலுப்பையா? விசேஷத்துக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் இப்போது பார்க்கப் போகிறீர்கள். சீர்காழியில்தான் ஏறினீர்கள், இல்லையா? இப்போதுதான் பார்க்கிறேன் அந்த மூக்கை. ஐந்தாம் கேபின் திரை ஓரத்தில் தினம் பார்க்கிற மூக்கு. இயேசுவே.

தம்பி, நான் சொன்னது எல்லாம் இங்கே நடந்தது இல்லை. பிரான்சில். காது குத்தா? அங்கேயும் குத்துவார்கள்.

என்ன சொன்னீர்கள்? ஹாரனில் கேட்கவில்லை. தூங்கிவிட்டீர்களா? எப்போதிலிருந்து? சீர்காழியிலிருந்தா! அது எப்படி? திருக்கடையூரில் எனக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தீர்களே? நடுவில் சிரித்தீர்களே? அப்படியானால் நான் இவ்வளவு நேரம், தொண்டை வறள, ஒரு வார்த்தைகூட உங்கள் காதில்...

ஓ.

சரி. சரிதான். நல்ல தூக்கம் போலிருக்கிறது. பையைப் பிடியுங்கள், கிலுகிலுப்பை விழுந்துவிடும். இவ்வளவு தூரம் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம், பாருங்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

தம்பிக்கு எந்த ஊரு?